வீட்டுக்கும் அடக்கவிலை உண்டு
மின்சாரம் மிச்சமாகும் புது வீடு வாங்குவோர் கவனத்திற்கு

ஆண்டுதோறும் மே 5-ஆம் தேதி வணிகர் தினத்திற்காகக் கடையடைக்கிறோம். கத்திரி வெயில் தொடங்கும் நேரமும் அதுதான். மாநாட்டுக்குப் போகாமல் அன்று வீட்டில் தங்கியவர்களுக்கு ஓர் உண்மை விளங்கும். இரவு பத்தரைக்குக் கல்லாவை எண்ணி முடித்து வீடு திரும்பும் நாம், நம் வீட்டாரும் பிள்ளைகளும் பகல் முழுவதும் எந்தச் சூட்டில் இருக்கிறார்கள் என்பதை அன்றுதான் நேரில் காண்கிறோம்.

வயலும் ஏரியுமாக இருந்த நாவலூர், பழைய மகாபலிபுரம் சாலையில் கணினி நிறுவனங்கள் வந்தபின் அடுக்குமாடிகளால் நிறைந்துவிட்டது. அந்த வீடுகளுக்கு அரிசியும் பருப்பும் கொடுத்துப் பிழைத்த நம்மவர் பலர், இப்போது அங்கேயே சொந்த வீடு வாங்க எண்ணுகிறார்கள். விளம்பரங்களிலோ ‘பசுமை வீடு’, ‘மின்சிக்கன வீடு’ என்ற சொற்கள் கொட்டை எழுத்தில் வருகின்றன. இதற்காகக் கூடுதல் விலை கொடுப்பது தகுமா? வியாபாரக் கண்ணோடு பார்ப்போம்.

கொள்முதல் விலையும் அடக்கவிலையும்

ஒரு மூட்டை துவரம்பருப்பின் கொள்முதல் விலை மட்டும் நமக்குக் கணக்காகாது. வண்டி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி, சேதாரம் எல்லாம் சேர்ந்ததே அடக்கவிலை. வீட்டுக்கும் அப்படித்தான். பத்திரத்தில் எழுதும் தொகை கொள்முதல் விலை. அடுத்த இருபது ஆண்டுகளுக்குக் கட்டப்போகும் மின்கட்டணமும் பராமரிப்புக் கட்டணமும் சேர்ந்தால்தான் அடக்கவிலை. மலிவாகக் கிடைத்த பழைய ஐஸ்பெட்டி மாதாமாதம் மின்கட்டணத்தில் நம்மைக் கடித்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

மாற்ற முடிந்ததும் முடியாததும்

மின்விசிறியை நாளைக்கே மாற்றலாம், விளக்கையும் மாற்றலாம். ஆனால் சுவர் நிற்கும் திசையையோ, கூரையின் அமைப்பையோ, சன்னலின் அளவையோ குடியேறிய பிறகு மாற்றுவது எளிதல்ல. அடுக்குமாடியில் அது நம் கையிலும் இல்லை. ஆகவே, புது வீடு வாங்கும்போது காசு கொடுக்க வேண்டியது கட்டடத்தின் குணத்துக்கே. நான்கு நல்ல விளக்குகளைப் பொருத்திவிட்டு ‘மின்சிக்கனம்’ என்பவரிடம் ஏமாற வேண்டாம்.

முதலாவது கூரை. நம் பகுதியில் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம், மாலைக்குப் பிறகு அந்தச் சூட்டை உள்ளே இறக்கும். நாம் படுக்கப்போகும் நேரமும் அதுதான். மேல்தளத்து வீடு வாங்குபவர்கள், தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த பூச்சும் ஓடும் உண்டா, வெப்பத்தடுப்புப் பலகை உண்டா, வெயிலைத் திருப்பியடிக்கும் வெள்ளைப் பூச்சு உண்டா என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது திசை. பிற்பகல் வெயில் மேற்குச் சுவரில்தான் விழும். படுக்கையறை மேற்கே இருந்து, அதில் நிழல் மறைப்பில்லாத பெரிய கண்ணாடியும் வைத்திருந்தால், ஏ.சி. ஓடிக்கொண்டேதான் இருக்க வேண்டும். நாவலூருக்கு இயற்கை கொடுத்த சீதனம் கடற்காற்று. கிழக்கே கால்வாயையும் முட்டுக்காட்டுக் கழியையும் தாண்டினால் கடல். கோடையில் நண்பகலுக்கு மேல் அங்கிருந்து காற்று வரும். கிழக்கிலும் தெற்கிலும் சன்னல் இருந்து, எதிர்ப்புறம் காற்று வெளியேற வழியும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

மூன்றாவது சன்னல். மத்திய மின்துறை அமைச்சகம் 2018 டிசம்பரில் ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ என்ற பெயரில் குடியிருப்புக் கட்டடங்களுக்கான எரிசக்தி விதிமுறையை வெளியிட்டது. நம்முடையதைப் போன்ற வெப்பமும் ஈரமும் கலந்த கடலோரப் பகுதிக்கு, தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது வெளிக்காற்றுக்குத் திறக்க வேண்டும் என்பது அதன் அளவுகோல். 600 சதுர அடி வீட்டுக்கு 100 சதுர அடி திறப்பு வேண்டும். இழுத்துத் தள்ளும் இரட்டைக் கதவுச் சன்னலில் பாதிதான் திறக்கும். அளக்கும்போது இதை மறவாதீர்கள்.

ஒரு சிறு கணக்கு

சாதாரண மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. வகை விசிறிக்குச் சுமார் 30 வாட் போதும். நான்கு விசிறிகள் நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் ஏறத்தாழ 130 யூனிட் மிச்சம்.

ஒன்றரை டன் ஏ.சி. மணிக்குச் சராசரியாக ஒரு யூனிட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரவில் எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 480 யூனிட். சூடு இறங்காத வீட்டில் நான்கு மணி நேரம் போதுமென்றால் 240 யூனிட்தான். மீதி 240 யூனிட்டை மிச்சம் பிடித்தது கருவியல்ல, கட்டடம்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவது. நாம் மிச்சப்படுத்தும் யூனிட், விலை அதிகமான மேல்படியிலிருந்து கழிகிறது. 2022 செப்டம்பர் கட்டண மாற்றத்தில், இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டியவர்களுக்குக் கீழ்ப்படியில் இருந்த குறைந்த விலையும் கிடைக்காமல் போனது. கட்டண விகிதம் அவ்வப்போது மாறும். வாங்கும் நாளின் பட்டியலை வைத்துக் கணக்கிடுங்கள்.

பொதுச் செலவும் சூரிய மின்சாரமும்

அடுக்குமாடியில் மின்தூக்கி, தண்ணீர் மோட்டார், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு ஆகியவற்றின் மின்செலவு பராமரிப்புக் கட்டணத்தில் ஒளிந்திருக்கும். நாவலூர்ப் பக்கம் லாரித் தண்ணீர்ச் செலவும் அதில் சேரும். மழைநீர்ச் சேமிப்பும் கழிவுநீர் மறுபயனும் சரியாக இருக்கும் வீட்டில் இந்தச் செலவும் குறையும்.

மாடியில் சூரியத் தகடு ஒரு கிலோவாட் அமைத்தால், நம் பகுதியில் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் வரை கிடைக்கும். நிழல் விழாத சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். 2024-ல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில், தனி வீட்டுக்கு 2 கிலோவாட்டுக்கு 60,000 ரூபாயும், 3 கிலோவாட்டுக்கும் அதற்கு மேலும் 78,000 ரூபாயும் மானியமாக அறிவிக்கப்பட்டது. குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய். ஆனால் மொட்டை மாடி யாருக்குச் சொந்தம் என்பது பத்திரத்தில் தெளிவாக இல்லையென்றால் மானியம் இருந்தும் பயனில்லை.

கீழே கடை, மேலே வீடு

நம்மில் பலர் மனை வாங்கி, கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டுகிறோம். இவர்களுக்குக் கூரையும் திசையும் தம் கையிலேயே இருப்பது பெரும் வசதி. ஆனால் மீட்டர் இரண்டாக இருக்க வேண்டும். வீட்டு இணைப்பிலிருந்து கடைக்கு மின்சாரம் எடுத்தால், 2003 மின்சாரச் சட்டத்தின் 126-ஆம் பிரிவின்படி இருமடங்கு கட்டணம் விதிக்கப்படும். மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே சோதனையில் போய்விடும்.

கையெழுத்துக்கு முன்

1. வீட்டைப் பிற்பகல் 3 மணிக்கு ஒருமுறையும், இரவு 9 மணிக்கு ஒருமுறையும் போய்ப் பாருங்கள். மேற்குச் சுவரையும் கூரையின் அடிப்புறத்தையும் கையால் தொட்டுப் பாருங்கள். காலை 10 மணிக்குக் காட்டினால் எல்லா வீடும் குளிர்ச்சிதான்.

2. ‘பசுமைச் சான்று’ என்றால், எந்த அமைப்பு கொடுத்தது, கட்டி முடித்தபின் கொடுத்ததா, வரைபடத்தைப் பார்த்துக் கொடுத்ததா என்று கேளுங்கள். நகலைக் கையில் வாங்குங்கள்.

3. விளம்பரத்தில் சொன்ன கூரைக் காப்பு, கண்ணாடி வகை, சூரியத் தகடு ஆகியவற்றை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். 2016 ரியல் எஸ்டேட் சட்டத்தின்படி, பொய் விளம்பரத்தை நம்பி நஷ்டப்பட்டவர் இழப்பீடு கேட்கலாம். ஒப்படைத்த 5 ஆண்டுக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால், கட்டியவர் தம் செலவில் சரிசெய்து தர வேண்டும்.

4. முந்தைய கட்டத்தில் குடியேறியவர்கள் இருந்தால், அவர்களின் ஏப்ரல், மே மின்கட்டணத்தைக் கேட்டுப் பாருங்கள். அதைவிட நல்ல சான்று வேறில்லை.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. எவ்வளவு நல்ல வீடானாலும், கடையில் புரளும் முதலை எடுத்து அதில் போடாதீர்கள். அலமாரி காலியான கடைக்கு வாடிக்கையாளர் இரண்டாம் முறை வரமாட்டார். மாதத் தவணையுடன் கட்டவேண்டிய மின்கட்டணத்தையும் கூட்டி, மந்தமான ஆடி மாத விற்பனையிலும் அதைத் தாங்க முடியுமா என்று பாருங்கள். தாங்குமென்றால் தயங்காமல் வாங்குங்கள். ஊருக்கெல்லாம் தரம் பார்த்துச் சரக்குக் கொடுக்கும் நாம், நம் குடும்பம் வாழும் வீட்டிலும் தரம் பார்த்து வாங்குவோம்!