உங்களுக்குத் தெரியுமா? எண்ணூரிலிருந்து தூத்துக்குடி எவ்வளவு தூரம்?

● சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து தூத்துக்குடி வாகைக்குளம் விமான நிலையம் நேர்க்கோட்டில் சுமார் 525 கி.மீ. ஏ.டி.ஆர். விமானம் மணிக்கு 500 கி.மீ. வேகத்தில் பறக்கும். அப்படியானால் டிக்கெட்டில் ஏன் ஒன்றரை மணி நேரம் போடுகிறார்கள்? விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து, போன ஊரில் சக்கரத்துக்குக் கட்டை வைக்கும்வரை எல்லாமே பயண நேரம்தான். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவதும், முன்னால் நிற்கும் விமானம் கிளம்பக் காத்திருப்பதும் அதில் சேர்த்தி.

● 2021 பிப்ரவரி முதல் திருவொற்றியூர் விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இறங்கலாம். முப்பது கி.மீ.க்குச் சற்று மேல். சுமார் ஒரு மணி நேரம். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவரிடம் மட்டும் நேரக் கணக்கைக் கேட்காதீர்கள்.

● இதே தூத்துக்குடிக்கு எண்ணூர் காமராஜர் துறைமுகத்திலிருந்து பெரிய கப்பல் போக வேண்டுமானால், இலங்கையையே ஒரு சுற்றுச் சுற்றியாக வேண்டும்! ராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கடல் அவ்வளவு ஆழமில்லை. சிறிய கலங்கள் பாம்பன் தூக்குப் பாலம் திறக்கும்போது நுழைந்து போய்விடும். நிலக்கரிக் கப்பலால் முடியாது. 2005 ஜூலை 2-ல் தொடங்கிய சேது சமுத்திரத் திட்டம் அங்கே 12 மீட்டர் ஆழத்துக்குக் கால்வாய் தோண்டப் பார்த்தது. வழக்குகளுக்கு நடுவே வேலை பாதியில் நின்றது. முடிந்திருந்தால் 780 கி.மீ. வரை மிச்சமாகும், 30 மணி நேரம் வரை குறையும் என்றார்கள். விமானம் பறக்கும் மொத்தத் தூரத்தைவிட மிச்சக் கணக்கே பெரிது!

● ஒடிசா நிலக்கரி ரயிலில் பாராதீப் வந்து, அங்கே கப்பல் ஏறுகிறது. அனல் மின் நிலையங்களுக்கு நிலக்கரி இறக்கவே கட்டப்பட்ட எண்ணூர் துறைமுகம் 2001-ல் திறக்கப்பட்டது. தூத்துக்குடி அனல் மின் நிலையத்துக்கான கப்பலோ எண்ணூரைத் தாண்டித் தெற்கே போய், அந்த நீண்ட சுற்றையும் முடித்துத்தான் கரி இறக்குகிறது.

● மாலுமிக்கும் விமானிக்கும் தூரக் கணக்கு ஒன்றுதான்: கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். அட்சரேகையில் ஒரு பாகைக்கு 60 கடல் மைல். எண்ணூர் துறைமுகம் ஏறத்தாழ 13¼ பாகையில், தூத்துக்குடி 8¾ பாகையில். நாலரைப் பாகையை அறுபதால் பெருக்கினால் 270 கடல் மைல். வடக்கு–தெற்காக மட்டும் 500 கி.மீ. பள்ளிக்கூட அட்லஸ் போதும்.

● வாகைக்குளத்தில் முன்பு ஓடுபாதை 1,350 மீட்டர்தான். அதனால்தான் அங்கே ஏ.டி.ஆர். மட்டும் வந்துபோனது. இப்போது அது 3,115 மீட்டர். புதிய முனையமும் 2025 ஜூலை 26-ல் திறக்கப்பட்டுவிட்டது. பெரிய ஜெட் வந்தால் நேரம் பாதியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். இந்தத் தூரத்தில் பாதிக்கு மேல் ஏறுவதிலும் இறங்குவதிலுமே போய்விடும். முழு வேகத்தில் பறப்பது கொஞ்ச நேரம்தான்.