நீளும் இறக்கைகள்

போயிங் உருவாக்கியிருக்கும் 777எக்ஸ் விமானம் தரையிறங்கியதும் அதன் இறக்கை முனைகள் மேல்நோக்கி மடங்கிக்கொள்ளும். விரித்த நிலையில் முனைக்கு முனை 71.8 மீட்டர், மடித்தால் 64.8 மீட்டர். பழைய 777 நிற்கும் இடத்திலேயே இதுவும் நிற்க வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு.

அவ்வளவு நீள இறக்கை எதற்கு? இறக்கை நீண்டு ஒடுங்கியிருந்தால், அதன் முனைகளில் சுழலும் காற்றால் வீணாகும் ஆற்றல் குறையும், எரிபொருள் மிச்சமாகும். பொறியாளர்கள் நெடுங்காலமாக அறிந்த விஷயம்தான் இது. ஆனால் அலுமினியத்தில் இறக்கையை நீட்ட நீட்ட, வளைக்கும் விசையைத் தாங்க அடிப்பகுதியைப் பருமனாக்க வேண்டும். கிடைத்த லாபத்தைக் கூடுதல் எடையே தின்றுவிடும். 777எக்ஸின் உடல் இன்னமும் அலுமினியக் கலவைதான். இறக்கைதான் கார்பன் இழைக்கு மாறியது. புதிய பொருள் எங்கே அதிகம் கைகொடுக்கும் என்பதை இந்தத் தேர்வே காட்டுகிறது.

கார்பன் இழையின் பருமன் தலைமுடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. பிசின் ஊட்டிய இழைப் பட்டைகளைச் சுருள்களாகக் குளிர்பதன அறையில் வைத்திருப்பார்கள்; வெளியே கிடந்தால் பிசின் மெல்ல இறுகத் தொடங்கிவிடும். இயந்திரம் அவற்றை அச்சின்மேல் அடுக்கடுக்காக ஒட்டிக்கொண்டே போகும்: ஓர் அடுக்கு நீளவாக்கில், அடுத்தது 45 டிகிரி சாய்வில், இன்னொன்று குறுக்காக. பிறகு ஆட்டோகிளேவ் என்ற அழுத்த உலையில், சுமார் 180 டிகிரி செல்சியஸில், எல்லாம் ஒரே பாகமாக இறுகும்.

மூங்கிலைப் போல, இழைக்கும் வலு நீளவாக்கில்தான். அதனால் அடுக்கின் கோணத்தை மாற்றினால் இறக்கை எந்தப் பக்கம் வளையும், எப்படி முறுக்கும் என்பதையே தீர்மானிக்கலாம். 1984 டிசம்பரில் அமெரிக்காவில் பறந்த எக்ஸ்-29 இதை நிரூபித்தது. அதன் இறக்கைகள் முன்னோக்கிச் சாய்ந்தவை. அப்படிப்பட்ட இறக்கையின் முனையை வேகக் காற்று மேல்நோக்கி முறுக்கும்; முறுக்கு கூடக் கூட விசையும் கூடி, இறக்கையே பிய்ந்துபோகலாம். வளையும்போதே எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொள்ளும்படி இழைகளை அடுக்கி அந்த ஆபத்தைத் தடுத்தார்கள். உலோகத்தில் இதைச் செய்ய முயன்றிருந்தால் எடை மிக அதிகமாகியிருக்கும்.

பயணிகளுக்கு மாற்றம் தெரிந்தது போயிங் 787-இல். 2009-இல் முதலில் பறந்த இவ்விமானத்தின் எடையில் சுமார் பாதி, இழையும் பிசினும் இணைந்த கூட்டுப்பொருள். வழக்கமான விமானத்தில் அறைக் காற்றழுத்தம் 8,000 அடி உயர மலையில் இருப்பதற்குச் சமம். 787-இல் 6,000 அடி. ஒவ்வொரு பயணத்திலும் உப்பிச் சுருங்கும் அலுமினிய உடல் களைத்து விரிசல் விடும். 1988-இல் ஹவாயில் அலோஹா ஏர்லைன்ஸ் விமானத்தின் கூரை நடுவானில் பிய்ந்தது இதனால்தான். கார்பன் இழை அப்படி எளிதில் களைப்பதில்லை, துருப்பிடிப்பதும் இல்லை. அதனால் கூடுதல் அழுத்தத்தையும் ஈரப்பதத்தையும் உள்ளே அனுமதிக்க முடிகிறது. நீண்ட பயணத்தில் தலைவலியும் தொண்டை வறட்சியும் குறைய இதுவும் ஒரு காரணம்.

நம் நாட்டின் தேஜஸ் போர் விமானக் கட்டமைப்பிலும் எடையில் ஏறத்தாழ 45 விழுக்காடு கூட்டுப்பொருள்தான். கோவை அருகே சூலூர் தளத்திலிருந்து அது பறக்கிறது.

சிக்கல்களும் உண்டு, அவை சிறியவை அல்ல. அலுமினியத்தில் சுத்தியல் விழுந்தால் பள்ளம் தெரியும். கார்பன் பாகத்தில் மேற்பரப்பு நன்றாக இருக்க, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கலாம். அதைக் கண்டறிய மீயொலிச் சோதனை வேண்டும். மின்னலைக் கடத்தச் செப்பு வலையைப் பதிக்க வேண்டும். அலுமினியம் கார்பனைத் தொட்டால் அரித்துப்போகும் என்பதால், சேரும் இடங்களில் விலையுயர்ந்த டைட்டானியம் தேவைப்படுகிறது.

ஹைட்ரஜனில் பறக்கும் விமானம் வந்தால் கார்பன் இழைக்குச் சோதனை இன்னும் கடுமையாகும். மைனஸ் 253 டிகிரியில் திரவமாக இருக்கும் ஹைட்ரஜனுக்கு, அதே ஆற்றல் தரும் மண்ணெண்ணெயைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கு இடம் வேண்டும். மெல்லிய இறக்கைக்குள் அது அடங்காது. பெரிய தொட்டிகள் உடற்பகுதிக்குள் வர, விமானத்தின் உருவமே மாறும். 1999-இல் நாசாவின் எக்ஸ்-33 விண்கலத்துக்கான கார்பன் தொட்டி சோதனையிலேயே நுண்விரிசல் கண்டு பிரிந்தது. 2014-இல் நாசாவும் போயிங்கும் உருவாக்கிய 5.5 மீட்டர் விட்டத் தொட்டி, திரவ ஹைட்ரஜனைத் தாங்கித் தேறியது. அது ராக்கெட்டுக்கானது. ஆண்டுக்கணக்கில் தினமும் நிரப்பிக் காலிசெய்யும் விமானத் தொட்டிக்கு அதே உறுதியைக் கொண்டுவருவதே இனி முடிக்க வேண்டிய வேலை.