உங்களுக்குத் தெரியுமா? பசியில்லாத மீனுக்கு ஒரு தூண்டில்

● இலையுதிர் காலத்தில் ஸ்காட்லாந்தின் ட்வீட் ஆற்றுக்கு சால்மன் பிடிக்கப் போகிறவர்கள், சாப்பாட்டையே நிறுத்திவிட்ட ஒரு மீனுக்குத்தான் தூண்டில் போடுகிறார்கள். கடலில் தின்று கொழுத்த சால்மன், முட்டையிடுவதற்காக ஆற்றுக்குள் நுழைந்ததும் இரை எடுப்பதை விட்டுவிடும். வயிறு சுருங்கிப்போகும். மாதக்கணக்கானாலும் உடம்பில் சேர்த்துவைத்த கொழுப்பில்தான் வண்டி ஓடும். அப்படியானால் தூண்டிலை ஏன் கவ்வுகிறது? கோபம், எல்லைத் தகராறு, சின்ன வயதில் பூச்சி பிடித்துத் தின்ற பழக்கம் என்று ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். நூறு வருடத்துக்கு மேலாக நடக்கும் வாதம் இது. தீர்ப்பு இன்னும் வரவில்லை.

● மீன் பிடிக்க உடன் வரும் வழிகாட்டிக்கு ஸ்காட்லாந்தில் ‘கில்லி’ என்று பெயர். (விஜய் படத்துக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை.) ட்வீட் கரையில் படகோட்டி என்றே சொல்வார்கள். எந்த மடுவில் எந்தப் பாறையின் மறைவில் மீன் இளைப்பாறும், தண்ணீர் ஒரு அடி ஏறினால் அது எங்கே இடம் மாறும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. வாடிக்கையாளரைப் படகில் உட்காரவைத்து, துடுப்பு போட்டோ, கரையிலிருந்து கயிற்றில் பிடித்தோ, நீரோட்டத்தில் படகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்குவார். தூண்டில் வீசத் தெரியாதவருக்குக் கற்றுக்கொடுப்பதும், தெரிந்ததாக நினைத்துக்கொண்டிருப்பவரைப் பொறுத்துக்கொள்வதும் அவர் வேலைதான். இரண்டாவதற்குத்தான் சம்பளம் அதிகம் தரவேண்டும்.

● காலையில் கில்லி முதலில் பார்ப்பது வானத்தை அல்ல, ஆற்றின் நீர்மட்டத்தை. நம் ஊரில் புதுத்தண்ணிக்கு மீன் ஏறுவதுபோலவே அங்கும் மழைக்குப் பிறகுதான் சால்மன் ஏறும். ஆனால் வெள்ளம் கலங்கலாக ஓடும்போது தூண்டில் மீனின் கண்ணில் படாது. வெள்ளம் வடிந்து தண்ணீர் தெளியத் தொடங்கும் நேரம்தான் பொன்னான நேரம். அந்த நேரம் நீங்கள் பணம் கட்டிய நாளில்தான் வரவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வாரம் முழுக்க நின்றும் ஒரு மீன்கூடக் கிடைக்காமல் திரும்புகிறவர்கள் உண்டு, கட்டணம் திரும்பாது.

● மீன் கவ்வியதும் வெடுக்கென்று கோலை இழுத்தால் போச்சு. கொக்கி வாயிலிருந்து நழுவிவிடும். மீன் தூண்டிலோடு திரும்பிப் போகும்வரை காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம்? ‘கடவுளே, ராஜாவைக் காப்பாற்று’ என்று ஒருமுறை சொல்லி முடிக்கும் நேரம் என்பது பழைய கில்லிகளின் பாடம். 2022 செப்டம்பருக்கு முன் எழுபது வருடம் அதில் ராணி இருந்தார்.

● போர்க்களத்தில் துப்பாக்கி வீரர்கள் இலையும் நாருமாகத் தொங்கும் உடை போட்டுக்கொண்டு புதரோடு புதராகப் படுத்திருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அதற்குப் பெயர் கில்லி உடை. ஸ்காட்லாந்து மலைகளில் மான் வேட்டைக்கு வழிகாட்டிய கில்லிகளிடமிருந்து வந்தது. போயர் போருக்காக 1900இல் லவாட் பிரபு திரட்டிய ‘லவாட் ஸ்கவுட்ஸ்’ படையில் இப்படிப்பட்ட ஆட்களே நிறைய இருந்தார்கள்.

● பிரிட்டனில் தூண்டிலில் பிடிபட்ட சால்மன்களில் மிகப் பெரியதைப் பிடித்தவர் ஒரு பெண். ஜார்ஜினா பாலன்டைன். 1922 அக்டோபர் 7, மாலை நேரம். இடம், டே ஆற்றில் கேப்புத் ஊருக்கு அருகிலுள்ள கிளென்டெல்வின் பகுதி. படகைச் செலுத்தியவர் அவருடைய அப்பா ஜேம்ஸ். அன்றைக்கு வழிகாட்டி, படகோட்டி எல்லாமே அவர்தான். மாட்டிய மீன் படகையே ஆற்றோடு இழுத்துக்கொண்டு போனது. இருட்டிவிட்டது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் போராடி மீனைப் படகில் ஏற்றினார்கள். எடை 64 பவுண்டு, அதாவது 29 கிலோ. மீன் பெர்த் நகர மருத்துவமனைக்கு அன்பளிப்பாகப் போய் அங்கே சமையலானது. அதன் அச்சு வடிவம் மட்டும் பெர்த் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முன்பு ஒரு கடைக் கண்ணாடியில் அந்த அச்சு வைக்கப்பட்டிருந்தபோது, முதியவர்கள் இருவர் அதைப் பார்த்து, பொம்பளை இதைப் பிடித்திருக்கவே முடியாது, பொய் என்று பேசிக்கொண்டார்களாம். பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் ஜார்ஜினா. நூறு வருடம் தாண்டியும் அந்தச் சாதனையை எந்த ஆணும் முறியடிக்கவில்லை.

● அவர் மட்டுமல்ல. அடுத்த வருடமே வை ஆற்றில் டோரீன் டேவி 59½ பவுண்டு மீன் பிடித்தார். 1924 அக்டோபரில் டெவெரன் ஆற்றில் திருமதி மாரிசன் பிடித்தது 61 பவுண்டு. பெண்களின் உடல் மணம் சால்மனை ஈர்க்கிறது என்று இதற்கு ஒரு கோட்பாடு கட்டி, 1990இல் புத்தகமே எழுதிவிட்டார்கள். நிரூபணம் எதுவும் கிடையாது. பெண்களுக்குப் பொறுமை அதிகம் என்று ஒப்புக்கொள்வதைவிட இது ஆண்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

● ட்வீட் ஆற்றில் செப்டம்பர் 15 முதல் சீசன் முடியும்வரை ‘ஃபிளை’ மட்டும்தான் போடலாம். சுழலும் உலோகத் தகடு, புழு எல்லாம் தடை. ஃபிளை என்பது கொக்கியில் இறகு, முடி, நூல் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சி. 19ஆம் நூற்றாண்டின் மிகப் புகழ்பெற்ற சால்மன் ஃபிளையின் பெயர் ‘ஜாக் ஸ்காட்’. அது ஒரு பிரபுவின் பெயர் இல்லை. ட்வீட் கரையில் லார்ட் ஜான் ஸ்காட்டிடம் வேலை பார்த்தவரின் பெயர். எஜமானரை இன்று நினைவில் வைத்திருப்பவர்கள் சொற்பம். வேலைக்காரரின் பெயர் உலகெங்கும் தூண்டில் பெட்டிகளில் இருக்கிறது.

● அந்த ஜாக் ஸ்காட் ஃபிளையின் கன்னத்தில் கண்போல் மின்னுவது நம் ஊர்க் காட்டுக்கோழியின் இறகு! நீலகிரியிலும் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளிலும் திரியும் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் பிடரி இறகுகளில், மெழுகு பூசியதுபோல் மஞ்சளும் வெள்ளையுமாகப் புள்ளிகள் இருக்கும். விக்டோரியா காலத்து ஃபிளை கட்டுகிறவர்களுக்கு அது இல்லாமல் வேலையே நடக்காது. கழுத்துத் தோலோடு உரித்து, கட்டுக்கட்டாகக் கப்பலேற்றினார்கள். காட்டுப் பறவைகளின் இறகு ஏற்றுமதிக்கு 1902இலேயே இந்திய அரசு தடை போட்டது. கள்ளத்தனமாகப் போவது அதற்குப் பிறகும் நிற்கவில்லை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிடியை இறுக்கியது. இப்போது பிரிட்டனில் பண்ணையில் வளர்த்த காட்டுக்கோழிகளின் இறகுதான் சந்தையில் ஓடுகிறது. விலையைக் கேட்டால் கோழி என்று சொல்லத் தோன்றாது.

● இறகுப் பித்து எவ்வளவு தூரம் போகும்? 2009 ஜூனில், லண்டனில் புல்லாங்குழல் படித்துக்கொண்டிருந்த ஓர் அமெரிக்க மாணவர், டிரிங் நகரிலுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் சன்னல் வழியாக இறங்கி 299 பறவைத் தோல்களைப் பெட்டியில் அடைத்துக்கொண்டு போய்விட்டார். பழைய பாணி சால்மன் ஃபிளை கட்டும் கலையில் அவர் பெரிய கை. களவு போனவற்றில் ஆல்ஃபிரெட் ரஸ்ஸல் வாலஸ் மலேயத் தீவுகளில் சேகரித்த பறவைகளும் இருந்தன. வேடிக்கை என்னவென்றால், இந்த அலங்கார ஃபிளைகளைக் கட்டுகிறவர்களில் பலர் மீன் பிடிக்கப் போவதே இல்லை. மீனுக்கோ எந்த இறகும் ஒன்றுதான்.

● சால்மனைவிட நம் மஹ்சீர் மீன்தான் எடைக்கு எடை அதிகம் போராடும் என்று எழுதியவர் ஒரு வெள்ளைக்காரர். சென்னை மாகாண சிவில் அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ். 1873இல் மங்களூரில் அச்சான அவருடைய ‘தி ராட் இன் இந்தியா’ இந்தியத் தூண்டில்காரர்களுக்கு நீண்ட காலம் வேதப் புத்தகமாக இருந்தது.

● பிறந்த ஓடைக்கே சால்மன் திரும்பி வருவது எப்படி? மூக்கால். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஆர்தர் ஹாஸ்லருக்கு இந்த யோசனை ஆய்வகத்தில் வரவில்லை. யூட்டா மாநிலத்தில் சிறுவயதில் சுற்றிய மலைப்பக்கம் ஒருநாள் ஏறிக்கொண்டிருந்தார். மறைவிலிருந்த அருவியின் பாசி வாசனை மூக்கில் பட்டதும் மறந்துபோன பால்ய நினைவுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. மனிதனுக்கே இப்படியென்றால் மீனுக்கு? 1950களில் அவரும் மாணவர்களும் செய்த சோதனைகளில், மூக்கை அடைத்துவிட்ட சால்மன்கள் வழி தவறின. அடைக்காதவை சரியான கிளைக்குத் திரும்பின. ஒவ்வோர் ஓடைக்கும் அதன் மண், செடிகொடி சேர்ந்த ஒரு வாசனை உண்டு. கடலுக்குக் கிளம்பும் முன் குஞ்சு அதை மனப்பாடம் செய்துகொள்கிறது. ட்வீட்டில் பிறந்து கிரீன்லாந்துக் கடல்வரை போய்வரும் மீனுக்கு அந்த வாசனைதான் முகவரி.

● இலையுதிர் காலத்து ஆண் சால்மனின் கீழ்த்தாடை கொக்கிபோல் மேல்நோக்கி வளைந்துவிடும். வெள்ளி உடம்பு செம்பும் சிவப்புமாகும். இதெல்லாம் சக ஆண்களோடு சண்டைபோட. இவர்கள் முட்டிமோதிக்கொண்டிருக்கும்போது, கடலையே பார்க்காத, ஒரு சாண்கூட இல்லாத பொடி ஆண் மீன்கள் அடியில் நழுவிப்போய், பெண் மீன் இட்ட முட்டைகளில் ஒரு பங்கைக் கருவுறச் செய்துவிடும். பெண் மீன் வாலால் சரளைக்கல்லில் குழி பறித்து, முட்டையிட்டு, மூடிவிட்டுப் போகும். உடல் எடையில் கிலோவுக்கு ஆயிரத்துக்குக் குறையாத முட்டைகள்.

● பிடித்த மீனின் உடம்பில் கடல்பேன் ஒட்டிக்கொண்டிருந்தால் தூண்டில்காரர் துள்ளிக் குதிப்பார். நன்னீரில் அந்தப் பேன் சில நாள்தான் தாங்கும். ஆகவே மீன் சில நாளுக்கு முன்தான் கடலைவிட்டு வந்திருக்கிறது என்று பொருள்.

● முட்டையிட்டதும் எல்லா சால்மனும் சாவதில்லை. பசிபிக் சால்மன்கள்தான் அப்படி. அட்லாண்டிக் சால்மனில் மிகச் சில, பெரும்பாலும் பெண் மீன்கள், உயிர் பிழைத்துக் கடலுக்குத் திரும்பி மறுபடியும் வருகின்றன. நியூயார்க் மாநிலத்தின் புலாஸ்கியிலும் செப்டம்பர், அக்டோபரில் வழிகாட்டிப் படகுகள் சால்மனைத் தேடி அலைகின்றன. ஆனால் அங்கே ஏறுவது 1960களின் இறுதியிலிருந்து ஒன்டாரியோ ஏரியில் கொண்டுவந்து விட்ட பசிபிக் சால்மன். ஏரியின் சொந்த அட்லாண்டிக் சால்மன் 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அணைகளாலும் ஆலைகளாலும் அற்றுப்போய்விட்டது.

● நம் ஊர் மீன் கடைகளில் ‘இந்தியன் சால்மன்’ என்று விற்பது காலா மீன். ருசியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சால்மனுக்குச் சொந்தமும் இல்லை பந்தமும் இல்லை.

● ஸ்காட்லாந்தில் ஆற்றங்கரை நிலம் உங்களுடையதாக இருந்தாலும் அங்கே ஓடும் சால்மன் உங்களுடையதாகிவிடாது. மீன்பிடி உரிமை தனிச் சொத்து. தனியாக விற்கலாம், வாங்கலாம், வாடகைக்கு விடலாம். கெல்சோ ஊரில் டீவியட் ஆறு ட்வீட்டில் கலக்கும் ‘ஜங்ஷன் பூல்’ மடுவுக்கு அக்டோபரில் ஒரு வாரம் வேண்டுமென்றால் பவுண்டில் ஆயிரக்கணக்கில் எடுத்துவைக்க வேண்டும்.

● இவ்வளவு செலவழித்துப் பிடித்த மீனை என்ன செய்வார்கள்? திரும்ப ஆற்றில் விட்டுவிடுவார்கள். ஸ்காட்லாந்தில் தூண்டிலில் சிக்கும் சால்மனில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் இன்று விடுதலையாகிறது. தூண்டிலில் பிடித்த சால்மனை விற்பது 2002 முதல் சட்டப்படி குற்றம். கடைகளில் கிடைக்கும் ‘ஸ்காட்டிஷ் சால்மன்’ அநேகமாக எல்லாம் கடலில் கூண்டு கட்டி வளர்த்தது.

● மீனைத் திரும்ப விடுவதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2010இல் ஸ்காட்லாந்து ஆறுகளில் தூண்டிலில் பிடிபட்ட சால்மன் ஒரு லட்சத்துக்கு மேல். 2023இல் 33,023. கணக்கு எடுக்கத் தொடங்கிய 1952 முதல் அதுவரை அதுதான் ஆகக் குறைவு. அதே வருடம் டிசம்பரில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அட்லாண்டிக் சால்மனைக் கவலையில்லாத இனம் என்ற பட்டியலிலிருந்து அச்சுறுத்தலை நெருங்கும் இனம் என்ற பட்டியலுக்கு மாற்றியது; பிரிட்டன் தீவில் வாழும் கூட்டத்தை அழியும் அபாயத்தில் இருப்பதாகவே குறித்தது. கடல் சூடாவது, தடுப்பணைகள், கூண்டுப் பண்ணைகளிலிருந்து பரவும் பேன் என்று காரணங்கள் பல. கில்லிகளின் பிழைப்பும் இந்த மீனோடுதான் கட்டியிருக்கிறது.

● பைசா செலவில்லாமல் சால்மனைப் பார்க்கவும் வழி உண்டு. பிரிட்டனில் இருக்கும் வாசகர்கள் அக்டோபர், நவம்பரில் மழை பெய்த மறுநாள் செல்கர்க் பக்கம் போங்கள். எட்ரிக் ஆற்றின் குறுக்கே ஃபிலிப்ஹா தடுப்பணையில் மீன்கள் வெள்ளத்தை எதிர்த்துத் தாவுவதைக் கரையில் நின்றே பார்க்கலாம். தூண்டில் வேண்டாம், கில்லி வேண்டாம், குடை போதும்.

● தூண்டிலோடுதான் போவேன் என்பவர்களுக்கு ஒரு செய்தி: ட்வீட்டின் கடைசிப் பகுதி இங்கிலாந்துக்குள் ஓடினாலும் இங்கிலாந்தின் தூண்டில் உரிமம் தேவையில்லை, உரிமைக்காரரின் அனுமதிச் சீட்டு போதும். டே ஆறும் டீ ஆறும் அக்டோபர் 15உடன் மூடிவிடும். ட்வீட் மட்டும் நவம்பர் 30 வரை. பிறகு பிப்ரவரி 1 அன்று திறக்கும். அன்று ஞாயிறாக இருந்தால் திறப்பு 2ஆம் தேதி. ஸ்காட்லாந்தில் ஞாயிற்றுக்கிழமை சால்மன் பிடிப்பது சட்டவிரோதம்.