ஒப்பிலக்கியப் படிப்பில் நம் பிள்ளைகள் எதைத் தேர்வது?



யாருடைய நினைவாக ஆண்டுதோறும் இந்த உரை நிகழ்கிறதோ, அந்த ஆசிரியத் தோழரை நம்மில் பலர் அவருடைய ஜோல்னாப் பையோடுதான் நினைவில் வைத்திருக்கிறோம். அந்தப் பையில் துண்டறிக்கைகளுக்கு நடுவே கல்லூரி விண்ணப்பப் படிவங்கள் எப்போதும் இருக்கும். பிளஸ் டூ முடித்த பிள்ளை எந்தத் தெருவில் இருக்கிறது என்று விசாரித்துப் போய், திண்ணையில் உட்கார்ந்து, படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டுத்தான் எழுவார். கல்லூரிக்குள் போவது பாதி வேலை, உள்ளே போய் எதைப் படிக்கிறோம் என்பது மீதி வேலை என்பார். அந்த மீதியைப் பற்றி இன்று பேசலாம் என்று நினைக்கிறோம்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி எங்களைத் தேடி வந்தார். கொங்குப் பகுதி, அருந்ததியர் குடும்பம், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஒப்பிலக்கியம் இளங்கலை படிக்கிறார். அங்கே ஒரு கட்டத்தில் சிறப்புப் புலம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். "தலித் இலக்கியம் எடு, உனக்கு அது இயல்பா வரும்னு சொல்றாங்க. அப்பாவோ வேலைக்கு ஆகற மாதிரி எதாச்சும் எடு கண்ணுங்கறாரு. நான் எதைங்கக்கா எடுக்கறது?" என்று கேட்டார்.

அன்று எங்களிடம் முழுமையான பதில் இல்லை. அதன் பிறகு விசாரித்தும் படித்தும் விவாதித்தும் நாங்கள் சேர்த்துக்கொண்ட பதில்தான் இந்த உரை.

ஒப்பிலக்கியம் என்னும் படிப்பு

ஒரு மொழியின் இலக்கியத்தை அந்த மொழியின் வேலிக்குள் மட்டும் வைத்துப் படிக்காமல், மொழிகளுக்கும் நாடுகளுக்கும் குறுக்கே படிப்பது ஒப்பிலக்கியம். 1907இல் கல்கத்தாவில் இதைப் பற்றிப் பேச அழைக்கப்பட்ட தாகூர், அதற்கு 'விசுவ சாகித்தியம்' என்று பெயர் சூட்டினார். 1956இல் யாதவ்பூர்ப் பல்கலைக்கழகத்தில் புத்ததேவ போஸ் இதற்கென்றே ஒரு துறையைத் தொடங்கினார். இந்தியாவில் இத்துறை இளங்கலை அளவிலேயே கற்பிக்கப்படும் மிகச் சில இடங்களில் அதுவும் ஒன்று.

தமிழிலும் இந்த மரபு உண்டு. வ.வே.சு. ஐயர் கம்பனை ஹோமரோடும் மில்டனோடும் வைத்துப் பார்த்தார். ஈழத்துத் திறனாய்வாளர் க. கைலாசபதி சங்கப் பாடல்களைக் கிரேக்க வீரயுகப் பாடல்களோடு ஒப்பிட்டு எழுதிய ஆய்வு 1968இல் ஆங்கிலத்தில் நூலாக வந்தது. இவை பெரிய உழைப்புகள். ஆனால் தமிழில் ஒப்பீடு என்றாலே சிகரத்தைச் சிகரத்தோடு அளப்பது என்ற பழக்கம் படிந்துபோனது. எங்கள் கவி உங்கள் கவிக்குக் குறைந்தவரில்லை என்று நிறுவுவதே ஒப்பீட்டின் வேலையாகப் பலருக்குத் தோன்றியது. சேரியின் பேச்சும் பாட்டும் அந்தத் தராசுத் தட்டில் ஏறவே இல்லை.

சிறப்புப் புலம் என்றால் என்ன?

முதல் சில பருவங்களில் எல்லோரும் பொதுவான பாடங்களைப் படிப்பார்கள். காவியம், நாடகம், நாவல், இலக்கியக் கோட்பாடு, மொழிபெயர்ப்பு என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் தொட்டுக் காட்டுவார்கள். பிறகு ஒரு பக்கமாக ஆழமாகப் போகச் சொல்வார்கள். அந்தப் பக்கம்தான் சிறப்புப் புலம். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் பெயரும் விதியும் மாறும் என்றாலும், பெரும்பாலும் நான்கு வழிகளில் இது அமையும்.

முதலாவது, மொழி வழி. இரண்டு மொழிகளை எடுத்து, இரண்டிலும் மூலத்தையே படிப்பது. இரண்டாவது, நிலப்பரப்பு வழி. ஆப்பிரிக்க இலக்கியம், லத்தீன் அமெரிக்க இலக்கியம், தெற்காசிய இலக்கியம் என்று ஒரு பகுதியை எடுத்துக்கொள்வது. மூன்றாவது, வகை அல்லது கருப்பொருள் வழி. தன்வரலாறு, தூது, நாட்டார் கதைப்பாடல் போன்ற ஒரு வகையையோ, பசி, கல்வி, இடப்பெயர்வு போன்ற ஒரு பொருளையோ பிடித்துக்கொண்டு பல மொழிகளுக்குள் போவது. நான்காவது, மொழிபெயர்ப்பு, கோட்பாடு, திரைப்படம் போன்ற பக்கத்துத் துறைகளோடு இலக்கியத்தை இணைப்பது.

பட்டியல் நீளமாகத் தெரியும். பிள்ளைகள் மலைத்துப்போவதும் இங்கேதான். கையில் இரண்டு அளவுகோல்கள் இருந்தால் மலைப்பு குறையும்.

முதல் அளவுகோல்: எந்த மொழி உன்னிடம் இருக்கிறது?

இந்தப் படிப்பின் மூலதனம் மொழி. மொழிபெயர்ப்பில் மட்டும் படித்துவிட்டு ஒப்பிடுகிறவர் இன்னொருவர் கண்ணால் பார்க்கிறார். அதனால்தான் ஒப்பிலக்கியத் துறைகள் பல, ஆங்கிலம் தவிர இன்னொரு மொழியிலாவது மூலத்தைப் படிக்க வேண்டும் என்று கேட்கின்றன. பணம் இருக்கிற வீட்டுப் பிள்ளை பிரெஞ்சோ ஜெர்மனோ பள்ளியிலேயே படித்துவிட்டு வருகிறது. நம் பிள்ளை அங்கே போய், எனக்கு ஒன்றும் தெரியாது என்று தலைகுனிந்து நிற்கிறது.

அது பொய். அந்த மாணவிக்குத் தமிழும் தெரியும், வீட்டுத் தெலுங்கும் தெரியும். பிறப்பிலிருந்தே இருமொழிக்காரர். தமிழ்நாட்டு அருந்ததியர் வீடுகள் பலவற்றில் தெலுங்கோ கன்னடமோ பேசப்படுகிறது. கோலார் தங்கவயலில் தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கின. ஊருக்குள் கேலிக்குரியதாக, பள்ளியில் மறைத்துக்கொள்ள வேண்டியதாக இருந்த இந்த வீட்டுமொழி, ஒப்பிலக்கிய வகுப்பில் ஒரு தகுதி. அதைத் தகுதி என்று நம் பிள்ளைக்கு யாராவது சொல்ல வேண்டும்.

ஒரு எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தமிழில் தூது ஒரு சிற்றிலக்கிய வகை. எதையெல்லாம் தூது அனுப்பலாம் என்று பாட்டியல் மரபு பத்துப் பொருள்களைப் பட்டியலிட்டிருக்கிறது: அன்னம், மயில், கிளி, மேகம், நாகணவாய்ப்புள், தோழி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு. வடமொழியில் காளிதாசனின் மேகதூதம் இருக்கிறது. அங்கே நாடு கடத்தப்பட்ட யட்சன் தன் மனைவிக்கு மேகத்தைத் தூது விடுகிறான். தெலுங்கில் 1941இல் குர்ரம் ஜாஷுவா 'கப்பிலம்' என்ற காவியத்தை எழுதினார். 1895இல் வினுகொண்டாவில் பிறந்து, தீண்டாமையை நேரில் அனுபவித்தவர் அவர். காளிதாசனின் வடிவத்தையே எடுத்துக்கொண்டு, யட்சன் இருந்த இடத்தில் தீண்டப்படாத ஒருவனை நிறுத்தினார். அவனை அருந்ததியின் மகன் என்றே அழைத்தார். அவன் காசியில் இருக்கும் சிவனுக்குத் தூது அனுப்புகிறான். தூது போவது வௌவால். கோயிலுக்குள் அவன் போக முடியாது. வௌவால் போகலாம், கருவறைக் கூரையிலேயே தொங்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள்.

தமிழ் மரபின் பத்துப் பொருள்களில் வௌவால் இல்லை. ஏன் இல்லை, ஜாஷுவாவுக்கு ஏன் அது தேவைப்பட்டது என்ற கேள்வியை எழுப்பத் தமிழும் தெலுங்கும் தெரிந்த ஒருவர் வேண்டும். அருந்ததியின் மகனைப் பற்றிய காவியத்தை அருந்ததியர் வீட்டுப் பெண் மூலத்தில் படிக்க முடியும் என்பதை அந்த மாணவிக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை.

இதில் ஒன்றை மறைக்கக் கூடாது. பாட்டியிடம் கற்ற தெலுங்கு வேறு, ஜாஷுவாவின் யாப்புத் தெலுங்கு வேறு. எழுத்துகளைச் சில வாரங்களில் கற்றுக்கொள்ளலாம். செய்யுள் நடை பிடிபட இரண்டு மூன்று ஆண்டுகளாவது ஆகும். ஆனால் பட்டப் படிப்பு என்பதே அந்த இரண்டு மூன்று ஆண்டுகள்தானே.

இரண்டாம் அளவுகோல்: எந்தக் கேள்வி உன்னை விடாமல் பிடித்திருக்கிறது?

புலத்தைத் தேர்வது பெயரைப் பார்த்துச் செய்கிற வேலையாக இருக்கக் கூடாது. கேள்வியை முதலில் வைத்துக்கொண்டால் புலம் தானாகத் தெரியும்.

பள்ளிக்கூடம் என்ற ஒரு பொருளை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்த ஃபிரடெரிக் டக்ளஸின் தன்வரலாறு 1845இல் வந்தது. சிறுவனான அவருக்கு எசமானி எழுத்துச் சொல்லித் தருகிறார். எசமானர் அதை நிறுத்துகிறார். பிறகு டக்ளஸ் தெருவில் ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டி கொடுத்து எழுத்தைக் கற்கிறார். இந்தியில் ஓம்பிரகாஷ் வால்மீகியின் 'ஜூட்டன்' 1997இல் வந்தது. அதில் தலைமையாசிரியர் சிறுவனை வகுப்பில் உட்காரவிடாமல் பள்ளி வளாகத்தைக் கூட்டச் சொல்கிறார். 1992இல் வந்த பாமாவின் 'கருக்கு'வில் பள்ளிச் சிறுமி மேல் தேங்காய் திருடிய பழி விழுகிறது.

மூன்றும் ஒடுக்கப்பட்டோர் எழுத்து, மூன்றிலும் வலி இருக்கிறது என்று எழுதிவிட்டு முடிப்பது எளிது. ஒப்பிலக்கியம் அங்கே நிற்காது. வேறுபாட்டைக் கேட்கும். அமெரிக்கத் தென்மாநிலங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்துக் கற்பிப்பது சட்டப்படி குற்றம். சுதந்திர இந்தியாவிலோ சட்டம் பள்ளிக் கதவைத் திறந்துவைத்தது. உள்ளே போன பிள்ளையின் கையில் சாதி துடைப்பத்தைக் கொடுத்தது. ஒரு அமைப்பு வாசலில் தடுக்கிறது, இன்னொன்று உள்ளே விட்டு அவமானப்படுத்துகிறது. இரண்டும் வெவ்வேறு இயந்திரங்கள். வேறுபாட்டைப் புரிந்துகொண்டால்தான் இரண்டையும் உடைக்கும் வழி தெரியும்.

இந்த வேலையைத் தொடங்கிவைத்தவர் அண்ணல்தான். அடிமைமுறையையும் தீண்டாமையையும் அருகருகே வைத்து எழுதியபோது, ரோமாபுரியில் அடிமைகள் கல்வி கற்று உயர்ந்த பணிகளில் இருந்ததை எடுத்துக்காட்டி, தீண்டப்படாதவருக்கு அந்த வாய்ப்பும் ஏன் இல்லாமல் போனது என்று கேட்டார். 1946இல் அமெரிக்கக் கறுப்பினச் சிந்தனையாளர் டு பாய்ஸுக்குக் கடிதமும் எழுதினார். 1972இல் மும்பையில் உருவான தலித் பேந்தர்ஸ் தன் பெயரைக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து எடுத்துக்கொண்டது. ஒப்பீடு நமக்குப் பல்கலைக்கழகம் கற்றுக்கொடுத்த ஒன்றல்ல, நம் அரசியலிலேயே அது இருக்கிறது.

ஒதுக்கப்படும் இருக்கை

இப்போது அந்த மாணவியிடம் சொல்லப்பட்ட வார்த்தைக்கு வருவோம். "உனக்கு அது இயல்பா வரும்." அன்பாகவே சொல்லியிருக்கலாம். ஆனால் தலித் மாணவருக்குத் தலித் இலக்கியம், மற்றவருக்குக் கோட்பாடும் காவியமும் என்று பிரிந்தால், அது என்ன ஏற்பாடு? சாதி வேலையைப் பிரிப்பதோடு நிற்காமல் வேலை செய்கிற மனிதர்களையே பிரித்து அடுக்குகிறது என்று அம்பேத்கர் 1936இலேயே விளக்கிவிட்டார். அந்த அடுக்கு பாடத்திட்டத்துக்குள்ளும் நுழையக்கூடும்.

அதற்காக, தலித் இலக்கியத்தைத் தொடாதே, தள்ளிப் போ என்று சொல்வதும் தவறு. 2021 ஆகஸ்டில் டெல்லிப் பல்கலைக்கழக ஆங்கில ஆனர்ஸ் பாடத்திட்டத்திலிருந்து பாமா, சுகிர்தராணி ஆகியோரின் படைப்புகளும் மகாசுவேதா தேவியின் 'திரௌபதி' கதையும் நீக்கப்பட்டன. ஆசிரியர்கள் பலர் எதிர்த்தார்கள். அந்தப் படைப்புகளை ஆழமாகக் கற்ற நம்மவர்கள் பாடத்திட்டக் குழுக்களில் உட்காரும் நாள் வராவிட்டால், இன்று சேர்ப்பதை நாளை நீக்குவது யாருக்கும் கடினமாக இருக்காது.

ஆகவே தலித் இலக்கியத்தை எடுக்கலாம், காளிதாசனையும் எடுக்கலாம், லத்தீன் அமெரிக்க நாவலையும் எடுக்கலாம். எதை எடுத்தாலும் அது ஒதுக்கப்பட்ட இருக்கையாக இல்லாமல், நம் கேள்வியோடு நாமே போய் உட்கார்ந்த இருக்கையாக இருக்கட்டும்.

கையெழுத்துப் போடும் முன்

அப்பாவின் கவலையும் நியாயமானது. அதனால் சில நடைமுறை விஷயங்களையும் சொல்லிவிடுகிறோம்.

புலத்தின் பெயர் பட்டியலில் இருந்தால் போதாது. அதைக் கற்பிக்கும் ஆசிரியர் இப்போது பணியில் இருக்கிறாரா, அந்த மொழியை அவர் மூலத்தில் படிப்பவரா, நூலகத்தில் நூல்கள் இருக்கின்றனவா, மொழி வகுப்பு ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறதா என்று மூத்த மாணவர்களிடம் கேட்க வேண்டும்.

தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு ஏற்கவில்லை. ஆனால் வெளிமாநிலம் போகும் நம் பிள்ளைகள் அதன் விதிகளுக்குள்தான் படிக்கிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட சட்டகத்தின்படி மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட், நான்காண்டு ஆனர்ஸுக்கு 160 கிரெடிட். முதல் ஆறு பருவங்களில் 75 விழுக்காடாவது பெற்றவர்களே நான்காம் ஆண்டில் ஆய்வுடன் கூடிய ஆனர்ஸுக்குப் போகலாம். ஆய்வுக்குப் போக நினைப்பவர், மதிப்பெண்ணை எட்டவிடாத அளவுக்கு ஒரே நேரத்தில் இரண்டு புதிய மொழிகளைத் தலையில் ஏற்றிக்கொள்ளக் கூடாது.

நெட் தேர்வில் ஒப்பிலக்கியம் தனிப் பாடமாக இருக்கிறது. ஆனால் இத்துறைகள் நாட்டில் குறைவு, ஆசிரியர் பணியிடங்களும் குறைவு. துணைப்பாடமாகத் தமிழ், ஆங்கிலம், வரலாறு, இதழியல் போன்ற ஒன்றை வைத்துக்கொண்டால் இன்னொரு கதவும் திறந்திருக்கும். இரண்டு இந்திய மொழிகளில் தேர்ந்தவருக்கு மொழிபெயர்ப்பிலும் பதிப்பிலும் வேலை உண்டு.

அந்த மாணவி தூது இலக்கியத்தை எடுத்திருக்கிறார். தமிழும் தெலுங்கும். விடுமுறையில் வந்தபோது, பாட்டியின் தெலுங்குச் சொற்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருப்பதாகச் சொன்னார். எந்தெந்தச் சொல் ஜாஷுவாவிடம் இருக்கிறது, எது இல்லை என்று குறிக்கிறாராம். அப்பாவுக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை.

இந்த அவையில் தெலுங்கும் கன்னடமும் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை மன்றத்துக்குக் கொடுங்கள். வீட்டில் பேசும் மொழியின் எழுத்தை நம் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்போம். தோழரின் பையில் விண்ணப்பப் படிவங்கள் இருந்தன. நம் பையில் ஓர் அரிச்சுவடியும் இருக்கட்டும்.

ஜெய்பீம்.