ரிலே ஏன் படபடக்கிறது?

கோழி முட்டை பொரிய 21 நாள். அதுவரை இன்குபேட்டருக்குள் வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்க வேண்டும். இதற்காக ஆர்டுயினோ யூனோவில் தெர்மோஸ்டாட் செய்யும் மாணவர்களை முதலில் மிரட்டுவது, சூடேற்றும் பல்பை எரியவிட்டு அணைக்கும் ரிலேதான்; அது 'டிக் டிக்' என்று ஓயாமல் அடித்துக்கொள்ளும்.

ஏன்?

எல்எம்35 சென்சார் டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தருகிறது. யூனோ 5 வோல்ட்டை 1,024 படிகளாகப் பிரித்துப் பார்க்கிறது. ஒரு படி ஏறக்குறைய அரை டிகிரி. வெப்பம் எல்லைக்கோட்டில் நிற்கும்போது சிறு மின் இரைச்சல் போதும், அளவு மேலும் கீழும் தாவும். பல்பு மினுக்கும், ரிலேயின் முனைகள் தேயும்.

யூனோவுக்குள்ளேயே இருக்கும் 1.1 வோல்ட்டை அளவுகோலாக வைத்தால், படி 0.1 டிகிரியாகச் சுருங்கும். அதைவிட முக்கியம், 37.3-இல் பல்பை எரியவிட்டு 37.7-இல் அணைப்பது. இந்த இடைவெளி இல்லாமல் தெர்மோஸ்டாட் செய்யாதீர்கள்.