விதைக்கும் வேண்டும் ஒரு போர்வை

மார்கழி விடியலில் கல்பாக்கம் கடற்கரையில் வீசும் ஈரக்காற்று, பழகிப்போன நம்மையே போர்வை தேட வைக்கிறது. அவ்வேளையில் தொட்டியில் ஊன்றிய மிளகாய் விதையின் நிலை யாது? இரு வாரம் கடந்தும் முளை காணாமல், "விதை சரியில்லை" என்று கடைக்காரரைக் குறைகூறும் சகோதரிகள் பலர். பல நேரங்களில் பழுது விதையில் இல்லை. அது பெற்ற வெப்பத்தில்தான் உள்ளது.

மிளகாய், கத்தரி, பாகல், புடல் ஆகியவை 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் செவ்வனே முளைப்பவை. நம் கடலோரத்திலோ தை மாத இரவுகளில் வெப்பம் 20 டிகிரியை ஒட்டி இறங்கிவிடுகிறது. அதனால் விதை உடனே மடிவதில்லை, தாமதிக்கிறது. தாமதிக்கும் விதையோ ஈரமண்ணில் கிடந்து அழுகிவிடுகிறது.

உழவர் காட்டும் வழி

செங்கல்பட்டுப் பகுதியில் நவரைப் பட்டத்து நெல் விதைப்பு இக்குளிர் நாட்களில்தான் நடைபெறுகிறது. விதைநெல்லை ஒரு நாள் ஊறவைத்து, நீரை வடித்து, கோணிப்பையில் கட்டி, வைக்கோலால் மூடி வைப்பர். மறுநாள் பைக்குள் கைவிட்டால் வெதுவெதுப்பாக இருக்கும்.

அடுப்பும் இல்லை, வெயிலும் இல்லை. அச்சூடு எங்கிருந்து வந்தது? நீர் பருகிய விதை விழித்தெழுந்து மூச்சுவிடத் தொடங்குகிறது. தன்னுள் சேமித்துள்ள மாவுப்பொருளைச் செலவிட்டு வெப்பத்தை வெளியிடுகிறது. ஆம், வைக்கோல் சூட்டைத் தருவதில்லை. விதை தந்த சூட்டைக் காத்து நிற்கிறது!

ஆயினும் போர்த்திவிட்டு மறந்துவிடலாகாது. சூடு 40 டிகிரியைத் தாண்டினால் முளை வெந்துவிடும். ஏக்கருக்கென வைத்த சுமார் 24 கிலோ விதையும் பாழாகும். மீண்டும் விதை தேடி விதைப்பு பிந்தினால், கதிர் முற்றும் காலத்தில் கோடை வெயிலும் தண்ணீர்த் தட்டுப்பாடும் வந்து சேரும். எனவே இடையிடையே பையைத் திறந்து கிளறி, நீர் தெளிப்பர்.

நம் இல்லத்தில்

குளிர்நாடுகளில் விதைத்தட்டின் அடியில் மின்சாரத்தால் சூடேறும் விரிப்பை இடுகின்றனர். நமக்கு அச்செலவு தேவையில்லை. பாகல், புடல் விதைகளை ஓரிரவு ஊறவைத்து, ஈரப் பருத்தித் துணியில் முடிந்து, மூடிய பாத்திரத்தில் இட்டு அடுக்களையில் வையுங்கள். அடுப்பிற்கு அருகில் இருக்கட்டும், அடுப்பின்மேல் வேண்டாம். சில நாட்களில் வெண்முளை தெரியும்.

மிளகாய், கத்தரி விதைகளைத் தென்னைநார்க் கழிவு நிரப்பிய குழித்தட்டுகளில் ஊன்றி, தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாலித்தீன் தாளால் மூடி, வீட்டினுள் வையுங்கள். முதல் முளை தலைகாட்டியதும் தாளை நீக்கி, வெளிச்சத்திற்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

ஒருமுறை நான் அவ்வாறு மூடிய தட்டை, கூடுதல் சூடு நல்லதென்றெண்ணி மொட்டைமாடியின் உச்சிவெயிலில் வைத்துவிட்டேன். ஒரே பகலில் அத்தனை விதையும் அவிந்துபோயின. குளிரால் அன்று; என் அவசரத்தால்!

முளைக்கச் செய்பவன் இறைவன். நம் பொறுப்பு, உரிய நேரத்தில் போர்த்துவதும் உரிய நேரத்தில் விலக்குவதுமே.