மலைக் கஞ்சாவில் ஓர் அரிய கூறு: வளர்ப்பும் பரிசோதனையும்

தமிழ்நாட்டின் போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறிப் பூப்பாறை வழியாக மூணாறு செல்வோர் அறிந்த மலையூர் சின்னக்கானல். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் உள்ள இவ்வூரைச் சுற்றித் தேயிலைத் தோட்டங்களும் ஏலத் தோட்டங்களும் யானைகள் நடமாடும் காடுகளும் அமைந்துள்ளன. தமிழும் மலையாளமும் ஒருங்கே வழங்கும் இம்மலைகளுக்கு ஏலமும் தேயிலையும் நற்பெயர் தேடித் தந்தன. அதனுடன் விரும்பத்தகாத மற்றொரு பெயரும் வந்து சேர்ந்தது. உட்காடுகளில் சட்டவிரோதமாகப் பயிரிடப்பட்ட கஞ்சா, 'இடுக்கி கோல்டு' என்னும் பெயரால் நாட்டுக்கு வெளியிலும் பேசப்பட்டது. 2013-ஆம் ஆண்டில் வெளிவந்த மலையாளத் திரைப்படம் ஒன்றுக்கு அதுவே தலைப்பாகவும் ஆயிற்று.

கலால், வனம், காவல் ஆகிய துறையினர் பல ஆண்டுகள் தொடர்ந்து மேற்கொண்ட அழிப்பு நடவடிக்கைகளால் அப்பயிர் பெரிதும் ஒடுங்கிவிட்டது. ஆயினும் அண்மைக் காலத்தில் புதியதொரு பேச்சு பரவி வருகிறது. மலைக் கஞ்சாவில் நீரிழிவைத் தணிக்கும் அரிய மருந்துக்கூறு உண்டு என்றும், அதனைப் பயிரிடுவது நாட்டுக்கு நன்மை என்றும் சிலர் கூறுகின்றனர். இப்பேச்சு மாணவர் செவியையும் எட்டுகிறது. மலைவாழ் விவசாயிகளின் செவியையும் எட்டுகிறது. ஆகவே அந்த அரிய கூறு யாது, அது ஒரு செடியில் இருப்பதை எவ்வாறு அறிவது, அவ்வாறு அறியும் உரிமை யாருக்கு உண்டு என்பனவற்றை ஆசிரியரும் களப்பணியாளரும் தெளிவாக அறிந்திருத்தல் அவசியமாகிறது.

கூறுகள் கண்டறியப்பட்ட வரலாறு

கஞ்சாவை நம் சித்த மருத்துவர்கள் கோரக்கர் மூலி எனவும் வழங்குவர். மேனாட்டு மருத்துவம் இதனை ஆராயத் தொடங்கியதும் இந்திய மண்ணிலேயாகும். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய ஓஷாநெஸி 1839-ஆம் ஆண்டில் இதன் மருத்துவப் பிரயோகம் குறித்துத் தம் கட்டுரையை வெளியிட்டார். 1896-இல் கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகளான வுட், ஸ்பிவி, ஈஸ்டர்ஃபீல்டு ஆகியோர் இந்தியச் சரஸிலிருந்து கன்னாபினால் என்னும் பொருளைப் பிரித்தனர். போதை தரும் முதன்மைக் கூறான டெட்ராஹைட்ரோகன்னாபினாலின் அமைப்பை 1964-இல் இஸ்ரேலில் கயோனியும் மெக்கூலமும் நிறுவினர். இக்கூறு சுருக்கமாக டி.எச்.சி. எனப்படும். இத்தகைய பொருள்கள் அனைத்திற்கும் கன்னாபினாய்டுகள் என்பது பொதுப்பெயர்.

நாம் இங்குக் கருதும் அரிய கூறு டெட்ராஹைட்ரோகன்னாபிவாரின், அதாவது டி.எச்.சி.வி. ஆகும். 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த எட்வர்டு கில், பிரிட்டிஷ் மருந்து நூல் முறைப்படி செய்யப்பட்ட கஞ்சாச் சாராயக் கரைசலில் இதனைக் கண்டார். 1971-இல் மெர்க்குஸ் என்பவர் நேபாளத்துப் பிசினில் இதனைக் கண்டு அறிவித்தார். பெரும்பாலான செடிகளில் இது மிகச் சிறிய அளவே காணப்படுகிறது.

மூன்று கார்பனும் ஐந்து கார்பனும்

டி.எச்.சி. மூலக்கூறில் 21 கார்பன் அணுக்களும் 30 ஹைட்ரஜன் அணுக்களும் 2 ஆக்ஸிஜன் அணுக்களும் உள்ளன. டி.எச்.சி.வி.யில் கார்பன் 19, ஹைட்ரஜன் 26, ஆக்ஸிஜன் 2. இரண்டின் உடற்பகுதியும் ஒன்றே. பக்கச் சங்கிலியின் நீளமே வேறு. முன்னதில் அச்சங்கிலி ஐந்து கார்பன்களாலும் பின்னதில் மூன்று கார்பன்களாலும் ஆனது.

இவ்வேறுபாடு செடிக்குள் தொடக்க நிலையிலேயே தோன்றிவிடுகிறது. பிசின் சுரப்பிகளில் ஆறு கார்பன் கொண்ட தொடக்கப் பொருளிலிருந்து ஒலிவெட்டாலிக் அமிலம் உண்டாகும்போது நீண்ட சங்கிலி அமைகிறது. நான்கு கார்பன் கொண்ட தொடக்கப் பொருள் பயன்பட்டால் குறுகிய சங்கிலி அமைகிறது. பின்னர் இவ்விரு வகை அமிலங்களையும் ஒரே நொதிகள் மாற்றியமைக்கின்றன. ஆகவே ஒரு செடியில் டி.எச்.சி.வி. மிகுதியாக உண்டாக இரண்டு பரம்பரைக் குணங்கள் ஒருங்கே அமைய வேண்டும். ஒன்று, குறுஞ்சங்கிலி அமைக்கும் குணம், மற்றொன்று, டி.எச்.சி. வகையை உண்டாக்கும் நொதியைப் பெற்றிருக்கும் குணம். முதற்குணம் இருந்து, நொதி வேறாயின் கிடைப்பது கன்னாபிடிவாரின் என்னும் பிறிதொரு பொருளாகும்.

ஹில்லிக், மால்பெர்க் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 2004-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இங்கு நினைவுகூரத் தக்கது. அவர்கள் பல நாடுகளிலிருந்து பெற்ற 157 விதைத் தொகுதிகளை ஆராய்ந்து, அவற்றுள் 96-இன் கன்னாபினாய்டு அளவுகளைக் கணித்தனர். குறுஞ்சங்கிலிக் கூறுகள் ஓரளவு மிகுந்த செடிகள், அவர்கள் 'இண்டிகா' என வகுத்த பிரிவில் மட்டுமே பரவலாக இருந்தன. ஆனால் அப்பிரிவு ஆசியா, ஆப்பிரிக்கா எனப் பல நிலப்பகுதிகளைச் சார்ந்தது. ஆதலின் ஒரு செடி இந்திய மலையில் முளைத்தது என்பதனாலேயே அதில் அரிய கூறு நிறைந்திருக்கும் என்று கொள்ளுதல் பொருந்தாது. போதைக்குப் பெயர் பெற்ற செடி என்பதும் சான்றாகாது, போதை டி.எச்.சி.யின் அளவைப் பொறுத்தது.

வளர்ப்பில் கவனிக்க வேண்டியவை

கஞ்சா ஆண்செடி, பெண்செடி எனப் பிரிந்து வளர்வது. காற்றினால் மகரந்தம் பரவுவது. ஆகையால் ஒரே செடியின் விதைகளும் தம்முள் ஒத்திருப்பதில்லை. கல்கத்தா தாவரத் தோட்டத்தைச் சேர்ந்த டேவிட் பிரெயின் 1893-இல் எழுதிய அறிக்கை, வங்காளத்தின் நவுகாவ் பகுதிக் கஞ்சா வயல்களை விரிவாகக் கூறுகிறது. அங்கு ஆண்செடிகளை இனங்கண்டு பிடுங்குவதற்கென்றே தேர்ந்த ஆட்கள் இருந்தனர். இன்றைய ஆராய்ச்சி வயலிலும் அப்பணி உண்டு. ஆனால் இங்குப் பிடுங்கும் முன் ஒவ்வொரு செடிக்கும் எண்ணிட்டு, விதை வந்த இடமும் தாய்ச்செடியும் பதிவு செய்யப்படுகின்றன. அரிய குணம் ஒரு பெண்செடியில் தென்பட்டால் அதன் கிளைத் துண்டுகளை வேரூன்றச் செய்து, குணம் மாறாத சந்ததியைப் பெறுகின்றனர்.

பகற்பொழுதின் நீளமும் முக்கியமானது. கஞ்சா, பகல் குறுகும்போது பூக்கும் இயல்புடையது. சின்னக்கானல் அமைந்துள்ள 10 பாகை வட அட்சத்தில் மிக நீண்ட பகல் சுமார் 12¾ மணி; மிகக் குறுகிய பகல் சுமார் 11½ மணி. ஜம்முவில் மிக நீண்ட பகல் 14 மணிக்கும் சற்று அதிகம். தென்மலைகளின் விதை வடக்கே விதைக்கப்பட்டால் பூப்பது தாமதமாகிக் குளிர்காலத்தில் சிக்கக்கூடும். அப்போது பூவும் பிசினும் குறைந்து, கூறுகளின் மொத்த அளவும் குறையும். எனினும் குறுஞ்சங்கிலிக் கூறுக்கும் நீள்சங்கிலிக் கூறுக்கும் உள்ள விகிதம் பெரும்பாலும் பரம்பரையைச் சார்ந்தது. பிரிட்டனில் டி மையர், ஹாமண்டு ஆகியோர் இவ்விகிதத்தின் பரம்பரை முறையை ஆராய்ந்து 2016-இல் வெளியிட்டனர். ஆகவே செடிகளை ஒப்பிடுவோர் மொத்த அளவோடு விகிதத்தையும் தவறாது குறித்தல் வேண்டும்.

பரிசோதனை முறை

நார்ச் சணலில் டி.எச்.சி. அளவை அறிய ஐரோப்பிய ஒன்றியம் வகுத்த முறையில், பூக்கதிர் கொண்ட நுனிப்பகுதி 30 சென்டிமீட்டர் நீளத்திற்குப் பல செடிகளிலிருந்து எடுத்துக் கலக்கப்படுகிறது. வயலின் சராசரியை அறிய இது ஏற்றது. அரிய செடியைத் தேடுவதற்கு ஏற்றதன்று. ஓர் உதாரணம் கொள்வோம். 100 செடிகளுள் ஒன்றில் மட்டும் டி.எச்.சி.வி. 2 சதவீதமும் ஏனைய 99-இல் 0.05 சதவீதமும் இருப்பதாகக் கருதுக. அனைத்தையும் கலந்து சோதித்தால் சுமார் 0.07 சதவீதமே வரும். தேடிய செடி கையிலிருந்தும் கணக்கில் மறைந்துவிடும். ஆதலால் செடி செடியாகச் சோதித்தல் இன்றியமையாதது.

மாதிரியை நிழலில், மிகுந்த வெப்பமின்றி உலர்த்திக் காகித உறையில் வைத்தல் நன்று. ஈரத்துடன் பிளாஸ்டிக் உறையில் இட்டால் பூஞ்சணம் பிடிக்கும். வெப்பமும் ஒளியும் காலமும் டி.எச்.சி.யைக் கன்னாபினாலாக மாற்றுவது போலவே டி.எச்.சி.வி.யைக் கன்னாபிவாரினாக மாற்றுகின்றன.

களத்தில் பயன்படும் நிறச் சோதனை, பொருள் கஞ்சா வகையினதாக இருக்கலாம் என்று மட்டுமே உணர்த்தும். உள்ளிருக்கும் கூறு எது என்று பிரித்துக் காட்டாது. அதற்கு வண்ணப்பிரிகை தேவை. வாயு வண்ணப்பிரிகையில் மாதிரி சூடேற்றப்படுவதால் செடியில் இயல்பாக உள்ள அமில வடிவம் கரியமில வாயுவை இழக்கிறது. டி.எச்.சி.வி.யின் அமிலத்தின் மூலக்கூறு எடை 330. அதிலிருந்து 44 கழிந்து 286 ஆகிறது. சூடேற்றாத திரவ வண்ணப்பிரிகையில் அமிலத்தையும் அமிலமற்ற வடிவத்தையும் தனித்தனியே அளக்க இயலும். எம்முறையில் அளந்தது என்பதைக் குறிப்பிடாத எண்ணுக்கு மதிப்பில்லை.

நிறை நிறமாலைமானி 286 என்று காட்டினால் அதுவே முடிவாகாது. முன்னர்க் கூறிய கன்னாபிடிவாரினும் அதே எடை உடையது. அறியப்பட்ட தூய மாதிரியுடன் வெளிவரும் நேரத்தையும் ஒப்பிட்ட பின்னரே பெயரிட வேண்டும்.

நம் நாட்டில் நடைபெறும் பணி

அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழுவைச் சேர்ந்த ஜம்மு இந்திய ஒருங்கிணைந்த மருத்துவக் கழகம், உரிய அனுமதி பெற்றுக் கஞ்சா ஆராய்ச்சியை மேற்கொண்டுள்ளது. 1941-இல் மருந்து ஆராய்ச்சிச்சாலையாகத் தொடங்கிய அந்நிறுவனத்தின் முதல் இயக்குநர் ராம்நாத் சோப்ரா, இந்தியாவில் கஞ்சாப் பழக்கம் குறித்து ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர். 2023-ஆம் ஆண்டு நிலவரப்படி ஜம்முவை அடுத்த சத்தாவில் காவலுடன் கூடிய ஓர் ஏக்கர் பரப்பில், கனடா நாட்டு நிறுவனம் ஒன்றின் கூட்டுறவுடன் இப்பயிர் வளர்க்கப்பட்டது. புற்றுநோய் வலி, வலிப்பு முதலியவற்றுக்கு மருந்து காண்பது அதன் நோக்கம். விதை, மண், வெளிச்சம், சோதனை, கணக்கு ஆகிய யாவும் ஓரிடத்தில் ஒழுங்குபடுவதே இத்தகைய வயலின் சிறப்பு.

டி.எச்.சி.வி.யின் மருத்துவப் பயனைப் பொறுத்தவரை அடக்கம் வேண்டும். 2016-இல் வெளியான பிரிட்டிஷ் ஆராய்ச்சி ஒன்றில் இரண்டாம் வகை நீரிழிவு கொண்ட 62 பேர் 13 வாரங்கள் பங்கேற்றனர். தூய டி.எச்.சி.வி. நாளொன்றுக்கு இருமுறை 5 மில்லிகிராம் பெற்ற குழுவில் வெறும் வயிற்று இரத்தச் சர்க்கரை குறைந்தது. இது நம்பிக்கை தரும் தொடக்கம், சிகிச்சை விதியன்று. மேலும் அவர்கள் உட்கொண்டது பிரித்தெடுத்து அளவிடப்பட்ட பொருள். கஞ்சாவைப் புகைப்பவனுக்குக் கிடைப்பது பெரும்பாலும் டி.எச்.சி.யே. இந்த வேறுபாட்டை வகுப்பறையில் ஐயமறக் கூறுதல் ஆசிரியர் கடமை.

சட்டமும் கடமையும்

1985-ஆம் ஆண்டின் போதைப் பொருள்கள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம், மருத்துவ, விஞ்ஞான நோக்கங்களுக்கு மட்டும் இடமளிக்கிறது. 10-ஆம் பிரிவின் கீழ் மாநில அரசு அனுமதித்து ஒழுங்குபடுத்தலாம். நார், விதை முதலிய தொழில் நோக்கங்களுக்கு 14-ஆம் பிரிவு வழி செய்கிறது. 2018-இல் உத்தராகண்டம் இவ்வழியில் தொழிற் சணல் பயிரிட உரிமம் வழங்கத் தொடங்கியது. உரிமமின்றி ஒரு செடி வளர்ப்பதும் குற்றமே. 20-ஆம் பிரிவின்படி பத்தாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். தம் நிலத்தில் சட்டவிரோதப் பயிர் இருப்பின் தெரிவிக்க வேண்டியது 46-ஆம் பிரிவின்படி நில உடைமையாளர் கடமை. தம் அறிவுக்கு வந்ததைத் தெரிவிக்க வேண்டியது 47-ஆம் பிரிவின்படி அரசு அலுவலர் ஒவ்வொருவரின் கடமை. அரிய கூறு உண்டு என்னும் பேச்சை நம்பி விதையிடும் ஏழை விவசாயிக்கு அப்பேச்சு துணை நிற்காது என்பதைக் களப்பணியாளர் முன்கூட்டியே எடுத்துரைக்க வேண்டும்.

ஆனால் மற்றொரு பக்கமும் உண்டு. தென்மலைகளில் தலைமுறை தலைமுறையாக நிலைத்த விதை ஒரு தாவரச் செல்வம். இம்மலைகளின் பெயர் தாங்கிய விதைகளை வெளிநாட்டு வணிகர் சிலர் விலை கூறி விற்கின்றனர். நம்மிடமோ அச்செடி, அகப்பட்ட இடத்தில் எரிந்து சாம்பலாகிறது. எரிப்பது சட்டப்படி செய்ய வேண்டிய பணி. அதனைக் குறை கூறுவதற்கில்லை. எரிக்கும் முன் சட்டப்படி எடுக்கப்படும் மாதிரி எவ்வாறேனும் தடயவியல் ஆய்வுக்கூடம் செல்கிறது. அங்குப் பெறும் வண்ணப்பிரிகைப் பதிவில் டி.எச்.சி.க்கு முன்னர் வெளிவரும் சிறு முகட்டையும் அளந்து, செடி பிடிபட்ட ஊரோடு சேர்த்துக் குறித்து வைத்தால் போதும். மாதிரி பழையதாயினும் கவலையில்லை. கன்னாபிவாரின் இருப்பு, அங்கு முன்னர் டி.எச்.சி.வி. இருந்தமைக்குச் சான்று கூறும். புதிதாக ஒரு செடியும் வளர்க்காமல், எந்த மலைச்சரிவு ஆராயத் தக்கது என்பதை இவ்வாறு அறியலாம். தக்கதெனத் தெரிந்த இடத்து விதையை நீதிமன்ற, அரசு அனுமதியுடன் தேசியத் தாவர மரபுவளக் காப்பகத்திற்கும் உரிமம் பெற்ற ஆராய்ச்சி வயலுக்கும் அனுப்புவதே அடுத்த படியாகும்.

இதற்குக் களப்பணியாளரிடமிருந்து வேண்டுவது மிகுதியன்று. செடி கிடைத்த இடம், உயரம், நாள், பூத்த நிலை, ஆணா பெண்ணா என்னும் ஐந்து குறிப்புகள் மாதிரியுடன் செல்லுமாயின், ஆய்வுக்கூடத்தின் எண்ணுக்குப் பொருள் கிடைக்கும். அக்குறிப்புகள் இல்லாத மாதிரி வழக்குக்கு உதவலாம், விஞ்ஞானத்துக்கு உதவாது.